சாயங்கால ஜூஸ்

அத்தியாயம் 11

எதிர்வீட்டில் பொழுது விடிவதே "வாயைத் திற" என்ற அதட்டலோடுதான். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், யாரோ பல் டாக்டர் வீடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அங்கே இருக்கிற மாமியார் ஓய்வுபெற்ற விடுதி வார்டன். பெண்கள் விடுதியில் கதவுக்குக் கதவு டார்ச் அடித்துப் பார்த்தே காலம் தள்ளியவர். கையிலிருந்த டார்ச் போய்விட்டது. கண்ணில் இருப்பது போகவில்லை. இப்போது அவருடைய விடுதியில் மிச்சமிருப்பது ஒரே ஒரு பெண்: மருமகள்.

வெறும் வயிற்றில் மருமகள் தைராய்டு மாத்திரை விழுங்க வேண்டும். விழுங்கினால் மட்டும் போதாது. வாயைத் திறக்க வேண்டும். நாக்கைத் தூக்க வேண்டும். கன்னத்தை விரலால் இழுத்துக் காட்ட வேண்டும்.

"ம். போ."

அந்த வீட்டில் காலை வணக்கம் அவ்வளவுதான்.

போன வாரங்களில் வேறு வேலையாக இருந்துவிட்டவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மருமகளுக்குப் பல்செட் செய்கிற கூடத்தில் வேலை. தெருவில் அவள் பெயரே பல்லுக்காரி. கல்யாணமாகிக் குழந்தை தங்கவில்லை என்று டாக்டரிடம் போனார்கள். ரத்தத்தில் டி.எஸ்.எச். என்கிற எண் சற்றுக் கூடுதலாக இருக்கிறது, தைராய்டு மந்தம், மாத்திரை போட்டால் எண் இறங்கும், இறங்கினால் வழி பிறக்கும் என்றார் டாக்டரம்மா. மாத்திரை உள்ளே போனது. எண் இறங்கவில்லை. டோஸைக் கூட்டினார். எண் அசைந்து கொடுத்ததே தவிர, இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்கவில்லை. மறுபடி கூட்டினார். ஒவ்வொரு முறையும் "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்கதானே?" என்று ஒரு கேள்வி வேறு.

அந்தக் கேள்வி போதாதா? வார்டனுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"துப்புறா. குழந்தை வேண்டாம்னு நினைக்கிறா, அதான் துப்புறா. என் விடுதியில எத்தனை பேரைப் பாத்திருப்பேன்!"

போன வாரம் முடிந்த இடம் ஞாபகமிருக்கும். என் சமையலறை ஜன்னலும் அவர்கள் சமையலறை ஜன்னலும் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி எதிரெதிரே முறைத்துக்கொண்டு நிற்பவை. சாயங்காலம் வார்டன் ஒரு மாத்திரையைக் கரண்டியின் முதுகால் நசுக்கி, ஆரஞ்சு ஜூஸில் போட்டுக் கலக்கி, வேலை முடிந்து வந்த மருமகள் கையில் சிரித்த முகத்தோடு கொடுத்தார். வார்டன் சிரித்ததைப் பார்த்த அதிர்ச்சியில் நான் மாத்திரையை மறந்துவிட்டேன். ஏதோ சத்து மாத்திரையாக்கும் என்று போய்ப் படுத்துவிட்டேன்.

இன்றைக்கு ரிசல்ட் நாள்.

பல்லுக்காரி ரத்தம் கொடுத்துவிட்டு நேரே வேலைக்குப் போய்விட்டாள். என்னுடைய கடைவாய்ப் பல் ஒன்று அவள் கூடத்தில்தான் தயாராகிக்கொண்டிருந்தது. பல்லை டாக்டரே வரவழைத்துக்கொள்வார், நான் போக வேண்டியதில்லை. ஆனால் நம் பல், நாம் போகாமல் வேறு யார் போவது?

கூடம் என்றால் நீளமான ஒரு மேசை, வரிசையாகச் சின்னச் சின்ன நெருப்புகள், சுவரெல்லாம் ஊரார் வாய்களின் சுண்ணாம்பு அச்சுகள். யார் யாருக்கு எந்தப் பல் இல்லை என்று அங்கே ஒரு சுற்றுச் சுற்றினால் தெரிந்துவிடும். எனக்குப் பிடித்த இடம்.

பல்லுக்காரி மெழுகில் ஒரு முன்பல் செதுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கூடத்தில் முன்பல் அவளுக்கு மட்டும்தான். மற்றவர்கள் செய்தால் அது பல். அவள் செய்தால் சிரிப்பு. இன்றைக்கு அவள் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு செதுக்கினாள். கத்தி முனை சிலிர்த்துக்கொண்டே இருந்தது. மின்விசிறி முழுவேகத்தில் சுற்ற, பக்கத்து இருக்கைக்காரி குளிருகிறதென்று துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டிருந்தாள். இவள் கழுத்திலோ வியர்வை ஓடியது. போன வருஷம் தைத்த சட்டை இரவல் வாங்கியது மாதிரி தொங்கியது.

டப். மெழுகுப் பல் இரண்டாகிவிட்டது.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கெட்ட செய்தி சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். அது இன்னும் பயமாக இருக்கும்.

"இன்னைக்கு இது எத்தனாவதும்மா? வேண்டாம், சொல்லாதே. கொஞ்ச நாளைக்கு நீ பார்சல் பக்கம் இரு. பல்லைப் பெட்டியில வெச்சுக் கட்டற வேலை. கை சரியாகட்டும்."

"சரியாகலேன்னா சார்?"

முதலாளி கண்ணாடியை இறக்கிக்கொண்டு மேசையின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

நான் அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"அக்கா, இங்க கை வைங்க." என் விரல்களை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள். உள்ளே யாரோ கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள். "மாடி ஏறி ஓடி வந்த மாதிரி இருக்கு பாருங்க. நான் காலையிலேர்ந்து உக்காந்த இடத்தை விட்டு எழுந்திருக்கலை."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். டென்ஷன், குழந்தை ஏக்கம்னாங்க. எண்ணைப் பாத்தா மருந்து இன்னும் பத்தலை, அப்புறம் எப்படிப் படபடக்கும்னாங்க. சத்தியமா ஒருநாள்கூட நான் துப்பினதில்லைக்கா. இன்னைக்கும் எண் இறங்கலேன்னா அத்தை என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிடணும்னு சொல்லிட்டாங்க. அவரும் 'பாக்கலாம்'னு சொல்லிட்டார்."

"பாக்கலாம்னா?"

"அவர் அகராதியில சரின்னு அர்த்தம்." மெழுகுத் துண்டுகளைத் திரட்டினாள். "அத்தை கெட்டவங்க இல்லைக்கா. கொஞ்ச நாளா, வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் ஜூஸ் போட்டுக் குடுக்கறாங்க. என்னைப் பெத்தவகூட எனக்கு ஒரு டம்ளர் ஜூஸ் போட்டதில்லை. அந்த நேரத்துக்காகவே வீட்டுக்குப் போறேன்னு வெச்சுக்கங்களேன்."

எனக்கு அப்போதுதான் கரண்டியின் முதுகு கண்முன் வந்தது.

"அந்த ஜூஸ்ல... அடியில ஏதாவது தங்குமா?"

"ஆமா, மாவு மாதிரி கொஞ்சம். பழம் அப்படி. ஏன்க்கா?"

வாசலில் கார் ஹாரன் இரண்டு முறை அடித்தது. அவள் புருஷன் வந்துவிட்டார்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வாழ்க்கையிலும் அப்படித்தான், பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, யார் எதை ஆரம்பித்தாலும் பிரேக்கில் கால். தானாக ஓட்டி ஓர் இடம் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. பின் சீட்டில் வார்டன், கைப்பையை மடியில் நிறுத்தி, விடுதி ஆண்டு விழாப் புகைப்படத்தில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பல்லுக்காரியின் தைராய்டைப் பார்க்கிற கழுத்து டாக்டரும் என் பல் டாக்டரும் ஒரே கட்டடம். அதற்குள் தயாராகிவிட்ட என் பல்லைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு நானும் ஏறிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை. யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை.

கார் நகர்ந்ததும் வார்டன் காதோரம் சாய்ந்தேன்.

"ஜூஸ்ல என்ன கலக்கறீங்க?"

அவர் திரும்பவில்லை. கைப்பையின் பிடியை இறுக்கினார்.

"எதிர்வீட்டம்மா, உங்க பல்லை நீங்க பாத்துக்கங்க."

"தைராய்டு மாத்திரையா?"

"காலையில அவ துப்பறா. சாயங்காலம் நான் ஈடு கட்டறேன்." உதடு அசையாமல் சொன்னார். விடுதியில் கற்ற வித்தை. "அதே மருந்துச் சீட்டைக் காட்டி வேற கடையில வாங்கினேன். என் பேரப்பிள்ளைக்காக. இன்னைக்குப் பாருங்க, எண் எப்படித் தொபீர்னு விழுதுன்னு."

முன் சீட்டில் பல்லுக்காரி ஜன்னல் காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தியிருந்தாள், நடுக்கம் புருஷன் கண்ணில் படாமல் இருக்க.

கழுத்து டாக்டரின் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. கடவுள் இருக்கிறார். வெளி நாற்காலியில் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து உள்ளே நாலு பேரும் தெரிந்தார்கள்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். பல்லுக்காரியைப் பார்த்தார். மறுபடி கம்ப்யூட்டர்.

"இறங்கலையேம்மா."

பிரேக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இவ்வளவு டோஸுக்கு எப்பவோ இறங்கியிருக்கணும். கோபப்படாம சொல்லுங்க. மாத்திரை சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன் டாக்டர்."

"தினமும்?"

"தினமும்."

"உண்மையைச் சொல்லிடேன்," என்றார் புருஷன், மேசையைப் பார்த்துக்கொண்டு. "யாரும் திட்ட மாட்டாங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடு. இந்த நாடகம் எதுக்கு?"

பல்லுக்காரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. "நீங்களுமா?" என்று ஒரே ஒரு வார்த்தை.

அந்த மனிதர் அப்போதாவது வார்த்தைக்குப் பிரேக் போட்டிருக்கலாம். "அம்மா சொல்றதுல தப்பு என்ன இருக்கு? கொஞ்ச நாள் உங்க வீட்ல இரு. நாளைக்குக் கொண்டு விடறேன்."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "குடும்ப விஷயத்தை வெளியில பேசிக்கங்க. நான் இன்னும் ஒரு படி கூட்டி எழுதறேன். ஒரு மாசம் கழிச்சு..."

நான் வார்டனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் சிமெண்ட் பூசின சுவர் மாதிரி இருந்தது. ஆனால் உள்ளே கணக்கு ஓடுகிறது என்று தெரிந்தது. காலையில் இவள் துப்பினாள் என்றே வைத்துக்கொண்டாலும், சாயங்காலம் ஜூஸில் போனது? அதை இவள் துப்பவில்லையே. சொட்டு விடாமல் குடித்தாள். பக்கத்தில் நின்று பார்த்தது அவரேயல்லவா? அப்படியானால் எண் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அப்படியானால்...

இவள் குற்றமில்லாதவள் என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சி. அந்தச் சாட்சி வாயைத் திறந்தால் அதுவே குற்றவாளி.

பேனா காகிதத்தைத் தொட்டது.

"எழுதாதீங்க," என்றார் வார்டன்.

வாயைத் திறந்துவிட்டார். இந்த முறை யாரும் திறக்கச் சொல்லவில்லை.

"அவ துப்பலை. துப்பியிருக்கவே முடியாது. நான்... சாயங்காலம் இன்னொரு மாத்திரை குடுத்துக்கிட்டிருக்கேன். நசுக்கி. அவளுக்குத் தெரியாது."



"எதுல குடுத்தீங்க?" டாக்டரம்மாவின் குரல் கத்தி மாதிரி இருந்தது.



"அந்த ஜூஸா அத்தை?" என்றாள் பல்லுக்காரி.

எவ்வளவோ சண்டைகளை என் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறேன். பாத்திரம் பறந்திருக்கிறது, சாபம் பறந்திருக்கிறது. இப்படி மெதுவாகக் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு ஒரு ஆள் அப்படிச் சுருங்கிப்போய் நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மா எழுந்து வந்து நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்தார். கையை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடத்தது. போனை எடுத்துக் கீழே ரத்தப் பரிசோதனைக்காரரிடம், "காலையில எடுத்த ரத்தம் மிச்சம் இருக்குல்ல? அதுல தைராய்டு ஹார்மோனையே பாத்துச் சொல்லுங்க. உடனே," என்றார்.

"இத்தனை நாள் எதைப் பாத்தீங்க?" என்றார் புருஷன். முதல் தடவையாக அவருக்கும் ஒரு கேள்வி உதித்திருந்தது.

"டி.எஸ்.எச்.சை மட்டும். அது மூளை போடற சத்தம். சத்தத்தை வெச்சு உள்ள எவ்வளவு ஹார்மோன் இருக்குன்னு கணிக்கறதுதான் வழக்கம். வழக்கமா அது பொய் சொல்லாது." கொஞ்சம் நிறுத்தி, "இவங்க படபடப்புன்னு சொன்னப்பவே நான் ஹார்மோனையும் பாத்திருக்கணும்," என்றார்.

காத்திருந்தார்கள். நானும்தான். என் பல் டாக்டரின் உதவிப்பெண் வந்து கூப்பிட்டாள். பல் எங்கே ஓடப்போகிறது என்று அனுப்பிவிட்டேன்.

போன் வந்தது. டாக்டரம்மா கேட்டுக்கொண்டார். வைத்தார்.

"வெள்ளம். உள்ள ஹார்மோன் வெள்ளமா ஓடுது. ஆனா மூளை இன்னும் 'கொண்டா, கொண்டா'ன்னு கேக்குது." நாற்காலியை இழுத்துப் பல்லுக்காரிக்கு நேராகப் போட்டுக்கொண்டார். "உங்க அம்மாவுக்குத் தைராய்டு இருந்துதா? குறிப்பா உங்களைச் சுமந்துக்கிட்டு இருந்தப்ப?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லையே."

"கேளுங்க. இப்பவே."

அவள் அம்மா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போனிலும் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். ஸ்பீக்கர் தேவையே இருந்திருக்காது.

"என்ன பாப்பா இந்நேரத்துல? சம்பந்தியம்மா பக்கத்துல இருக்காங்களா? அப்படின்னா நல்லா இருக்கேன்னு சொல்லிடு."

"அம்மா, நான் உன் வயித்துல இருந்தப்ப உனக்கு உடம்பு எப்படி இருந்துது?"

"அதை எதுக்கு இப்ப கேக்கற? நெஞ்சு அடிச்சுக்கும், வேர்த்துக் கொட்டும், எவ்வளவு தின்னாலும் எலும்பும் தோலுமா இருந்தேன். எல்லாரும் மசக்கைன்னாங்க. கண்ணு வேற வெளியில வந்து விழற மாதிரி இருக்கும். நீ பொறந்தப்புறம்தான் தைராய்டு அதிகமா சுரக்குதுன்னு கண்டுபிடிச்சு ஆபரேஷன் பண்ணாங்க. கழுத்துல கோடு இருக்கே, பாத்ததில்லையா நீ?"

"செயின் உரசின தழும்புன்னியேம்மா!"

"பின்ன, சின்னப் பிள்ளைகிட்ட கழுத்தை அறுத்தாங்கன்னா சொல்லுவாங்க?"

"கை நடுங்குச்சா?" என்று டாக்டரம்மா இடையில் கேட்டார்.

"யாரது? நடுங்கியிருக்கும். நான் ஓடற பஸ்ல நின்னு டிக்கெட் கிழிச்சவம்மா. பஸ் நடுங்குதா நான் நடுங்கறேனான்னு யாருக்குத் தெரியும்?"

போனை வைத்ததும் டாக்டரம்மா நிதானமாகப் பேசினார்.

"மூளைக்கு அடியில ஒரு காவல்காரன் இருக்கான்னு வெச்சுக்கங்க. ஹார்மோன் குறைஞ்சா சத்தம் போடுவான். அதிகமானா வாயை மூடிக்குவான். உங்க அம்மாவோட ரத்தத்துலேர்ந்து மிதமிஞ்சின ஹார்மோன் உங்களுக்கு வந்துக்கிட்டே இருந்திருக்கு. உங்க காவல்காரன் வெள்ளத்துலயே வேலை கத்துக்கிட்டவன். அவனுக்கு இடுப்பளவு தண்ணியும் ஈரத்தரை மாதிரிதான். பொறந்து, வளந்து, பெரியவளானப்புறமும் அந்தப் பழக்கம் சிலருக்குப் போறதில்லை. வேற காரணமும் இருக்கலாம். ஸ்கேன் பாக்கணும், இன்னும் சில டெஸ்ட் எடுக்கணும். ஆனா ஒண்ணு நிச்சயம். இவங்க துப்பவே இல்லை. அந்த எண்ணை இறக்கறதுக்காக நாம எல்லாருமா சேர்ந்து இவங்களை முக்கிக்கிட்டு இருந்திருக்கோம்."

வார்டனுக்குக் காவல்காரன் உவமை நன்றாகவே புரிந்திருக்கும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னையோட எல்லா மாத்திரையும் நிறுத்துங்க. காலையும், சாயங்காலமும்," என்று டாக்டரம்மா கடைசி வார்த்தையை வார்டன் பக்கம் திருப்பிச் சொன்னார். "நெஞ்சுப் படபடப்பைத் தணிக்க ஒண்ணு எழுதறேன். அதுக்கு முன்னாடி வழக்கமான கேள்வி. கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?"

பல்லுக்காரி விரல் மடக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

"நாள் தள்ளிப் போயிருக்கா?"

தலை அசைந்தது.

புருஷன் பாதி எழுந்துவிட்டார். "எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொன்னா நம்பப் போறீங்களான்னு இருந்துட்டேன்."

டாக்டரம்மாவின் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. அதை நான் கவனித்தேன், வார்டனும் கவனித்தார். "இந்த அளவுக்கு ஹார்மோன் ஓடினா, ஒண்ணும் இல்லாமலேயும் தள்ளிப் போகும். அதனால இப்பவே எதுவும் நினைச்சுக்க வேண்டாம். பாத்துடலாம்."

"டாக்டர்," என்றார் வார்டன். "ஒருவேளை இருந்தா... நான் குடுத்தது... உள்ள இருக்கற குழந்தையோட காவல்காரனுக்கும்..."

"இப்ப நிறுத்திட்டோம்ல. முதல்ல இருக்கான்னு பாப்போம்."

நர்ஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தை நீட்டினாள். பல்லுக்காரி வாங்கிக்கொண்டாள். கிண்ணம் கையில் நடுங்கியது. என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் பஞ்சுப் பொட்டலத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன்.

பின்னாலேயே வார்டன் எழுந்து வந்தார். பழக்க தோஷம். கூடவே போய், நின்று, பார்த்து, "ம், போ" சொல்ல வேண்டுமல்லவா? கழிவறைக் கதவு வரைக்கும் வந்துவிட்டார்.

பல்லுக்காரி திரும்பினாள்.

"நீங்க அங்கயே இருங்க அத்தை. நான் தனியாப் போய்க்கறேன்."

உள்ளே போனாள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் நன்றாகவே இருந்தது.